பார்லி அரிசி: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். அரிசி, பருப்பு வாங்க வருபவர்கள் விலையை மட்டும் கேட்பார்கள். பார்லி வாங்க வருபவர்கள் அப்படியில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொன்னார், வட்ஸ்அப்பில் வந்தது, கனடாவிலிருந்து சித்தி சொன்னார் என்று ஒரு கதையோடுதான் வருவார்கள். நூறு கிராம் கட்டச் சொல்லிவிட்டு நாலு கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. வருத்தத்துக்கு மருந்து கேட்கிற இடம் கடை மேசை இல்லை என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பார்லிக்குத் தமிழில் பெயர் இல்லையா?

இருக்கிறது, வாற்கோதுமை. வால் உள்ள கோதுமை. பார்லிக் கதிரைப் படத்தில் பார்த்தால் காரணம் விளங்கும்: ஒவ்வொரு மணியின் நுனியிலிருந்தும் பூனை மீசைபோல ஒரு நீண்ட கூர் கிளம்பி நிற்கும். வடமொழியில் யவம். நாட்டு மருந்துச் சீட்டில் யவம் என்று எழுதியிருந்தால் இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கடைக்கு வந்து 'வாற்கோதுமை இருக்கா?' என்று கேட்டவர் இதுவரை ஒரேயொருவர்தான், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார்.

மேற்காசியாவில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பயிரிடத் தொடங்கிய தானியம் இது. இன்றைக்கு உலக விளைச்சலில் சோளம், கோதுமை, நெல் மூன்றுக்கும் அடுத்ததாக வருகிறது. அதில் பெரும்பங்கு மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போகிறது. அடுத்த பங்கு மோல்ட் ஆகி, அதாவது முளைக்க விட்டு உலர்த்தப்பட்டு, பியருக்குப் போகிறது. மனிதர் தானியமாகச் சாப்பிடுவது கொஞ்சம்தான்.

இன்னொரு சங்கதி. சப்பாத்துக் கடையில் 7ஆம் சைஸ், 8ஆம் சைஸ் என்கிறார்களே, அந்த இங்கிலாந்து அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஒரு பார்லி மணியின் நீளம். மூன்று மணி ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு.

இது இலங்கையில் விளைவதா?

இல்லை, எல்லாம் இறக்குமதி. பார்லி குளிர்காலப் பயிர்; வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம்முடைய காலநிலை அதற்கு ஒத்துவராது. ரஷ்யா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ், ஜேர்மனி, கனடா போன்ற நாடுகளில்தான் பெருமளவு விளைகிறது. இந்தியாவிலும் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் பக்கம் விளைகிறது. எங்களுக்கு மூட்டை வருவது புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகளிலிருந்து.

சவ்வரிசியும் இதுவும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இரண்டும் வெள்ளை, இரண்டையும் சுகமில்லாதவருக்குக் காய்ச்சிக் கொடுப்பார்கள், அதனால் வருகிற குழப்பம். சவ்வரிசி தானியமே இல்லை, மரவள்ளி மாவை உருட்டிச் செய்த மாவுருண்டை. அதில் நாரும் இல்லை, புரதமும் இல்லை என்றே சொல்லலாம். உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். சவ்வரிசி ஒரே உருண்டையாக, சுண்ணாம்புபோல இருக்கும். பார்லி நீள்வட்டம், ஒரு பக்கம் வயிற்றில் நீளமாக ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் மண்ணிறக் கோடு. எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கோட்டை மெஷின் எட்டாது.

கடையில் எத்தனை விதம் இருக்கிறது? எதை வாங்குவது?

பார்லி மணியை உமி இறுகப் பிடித்திருக்கும். நெல்லைப்போல இலகுவில் கழன்று வராது, ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த உமியை எப்படி, எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் விதங்கள்.

வெளி உமியை மட்டும் எடுத்து, தவிட்டை விட்டு வைத்தால் அது முழுப் பார்லி. மண்ணிறமாக இருக்கும், மெல்ல வேண்டியிருக்கும், அவிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். தவிட்டையும் தீட்டி எடுத்தால் வெள்ளையாக வருவது முத்துப் பார்லி. கொழும்பில் 'பார்லி அரிசி' என்று கேட்டால் யாரும் கட்டித் தருவது இதைத்தான். பாதி தீட்டியதும் உண்டு, இங்கே அபூர்வம். ஓட்ஸ்போல அவித்துத் தட்டையாக்கிய அவல், உடைத்த நொய், மா என்று மற்றவை பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். உமி தானாகவே கழன்று விழும் ஓர் இனமும் இருக்கிறது. திபெத்தில் வறுத்து மாவாக்கித் தேநீரில் பிசைந்து சாப்பிடும் சம்பா அந்த இனத்தில் செய்வது. எங்கள் சம்பா அரிசிக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்.

எதை வாங்குவது என்றால், முதல் தடவை சமைப்பவர் முத்துப் பார்லியே வாங்குங்கள். தீட்டியதால் சத்தெல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஓட்ஸில் கரையும் நார் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. பார்லியில் அது மணியின் உள்ளுக்குள்ளேயும் பரவிக் கிடக்கிறது. அதனால் 100 கிராம் முத்துப் பார்லியில் இன்னும் ஏறத்தாழ 15 கிராம் நார் மிச்சம் இருக்கும். முழுப் பார்லியில் 17 கிராம். வெள்ளைப் பச்சையரிசியில் 1 கிராம் சொச்சம்.

முழுப் பார்லியை முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, வெள்ளைப் பார்லி என்ற நினைப்பில் ஏழரைக்கு அடுப்பில் வைத்தேன். அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு.

இரண்டு வரிசை, ஆறு வரிசை என்று எழுதியிருக்கிறார்களே?

அது கதிரின் அமைப்பு. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று பூக்கள் இருக்கும். நடுவில் உள்ளது மட்டும் மணி பிடித்தால் இரண்டு வரிசை, மூன்றும் பிடித்தால் ஆறு வரிசை. மோல்ட் செய்பவர்களுக்கு இது முக்கியம். உங்கள் சட்டிக்கு ஒன்றுமில்லை.

பார்லித் தண்ணி எப்படிக் காய்ச்சுவது?

கால் கோப்பை பார்லியை இரண்டு தண்ணீரில் கழுவி, ஐந்தாறு கோப்பை தண்ணீர் விட்டு, கொதித்ததும் நெருப்பைக் குறைத்து அரை மணித்தியாலம் வையுங்கள். முதலில் நுரை பொங்கும், பக்கத்தில் நின்று கரண்டியால் எடுத்துவிடுங்கள். கடைசியில் கரண்டியைத் தூக்கினால் தண்ணீர் சொட்டாக விழாமல் கொஞ்சம் இழுபடும். அந்த வழுவழுப்புத்தான் பீட்டா குளுக்கன் என்கிற கரையும் நார். பார்லியைப் பற்றிச் சொல்கிற நல்லதில் பாதி அதால் வருகிறது. ஆறவிட்டுத் தேசிக்காய்ப் புளியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குடிக்கலாம். கொழும்பு வெக்கையில் வெளியே வைத்தால் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் தாங்கும்.

இனி எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று. தண்ணியை வடித்துப் போத்தலில் விட்டுவிட்டு மணியைக் குப்பையில் கொட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியது மணி. கரையும் நாரில் ஒரு பகுதிதான் தண்ணியில் இறங்கும்; மற்ற நாரும், புரதமும், மாச்சத்தும் வடிதட்டில் நிற்கிறது. தயவுசெய்து சாப்பிடுங்கள். சூப்பில் போடலாம், தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசையலாம், இலைக்கஞ்சியில் அரிசிக்குப் பதிலாகப் போடலாம். தண்ணியை விட மணிதான் சாமான்.

சலக்கடுப்புக்கு நல்லது என்கிறார்களே?

தண்ணீர் போதாமல் வந்த கடுப்பு என்றால் நிறையத் தண்ணீர் உள்ளே போவதே சுகம் தரும். வெறும் தண்ணீர் ஒரு லீற்றர் குடிக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர் பார்லித் தண்ணி என்றால் குடித்துவிடுவார், அதில் ஒரு பிரயோசனம் இருக்கிறது. ஆனால் கிருமித் தொற்றை பார்லி கொல்லாது. காய்ச்சல், முதுகு வலி, சலத்தில் இரத்தம் இருந்தால் அல்லது கடுப்பு இரண்டு நாளில் விடாவிட்டால் டொக்டரிடம் போய்ச் சலத்தைச் சோதியுங்கள்.

மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, கால் வீங்கியிருக்கிறது. பார்லித் தண்ணி கொடுக்கட்டா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சாமானைக் கட்டுவதற்கு முதல் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பேன்: 'பிரஷர் பார்த்தீங்களா, அம்மா?' கர்ப்ப காலத்தில் பின்னேரத்தில் கால் கொஞ்சம் வீங்குவது சாதாரணம். ஆனால் முகமும் கையும் வீங்குவது, விடாத தலையிடி, கண் மங்குவது, மேல் வயிற்று வலி எல்லாம் பிரஷர் ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தான நிலை அது. அன்றைக்கே கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். பார்லித் தண்ணி கெடுதல் இல்லை. அதைக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருப்பதுதான் கெடுதல்.

கிட்னி வருத்தக்காரர் குடிக்கலாமா?

'கிட்னிக்கு நல்லது' என்று கேட்டுவிட்டு, கிட்னி ஏற்கெனவே பழுதான ஒருவருக்கு ஜக் ஜக்காகக் கொடுக்கிறார்கள். அவருக்கு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டொக்டர் அளவு சொல்லியிருப்பார். பார்லித் தண்ணியும் அந்தக் கணக்கில்தான் வரும். மணியில் பொட்டாசியமும் பொஸ்பரசும் இருக்கின்றன. டயாலிசிஸ் செய்பவர்கள் தங்கள் கிளினிக்கில் கேட்காமல் தொட வேண்டாம்.

சுகர் உள்ளவர்கள் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், நல்ல மாற்று. ஆனால் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். அவித்த முத்துப் பார்லி 100 கிராமில் மாச்சத்து 28 கிராம், வெள்ளைச் சோற்றிலும் கிட்டத்தட்ட அதே 28தான். வித்தியாசம் நாரில்: பார்லியில் 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, சோற்றில் அரைக் கிராம்கூட இல்லை. அந்த வழுவழுப்பான நார் வயிற்றிலே களிபோல நின்று மாச்சத்து இரத்தத்துக்குப் போவதை மெதுவாக்குகிறது. அதனால்தான் முத்துப் பார்லியின் கிளைசீமிக் சுட்டெண், அதாவது சாப்பாடு இரத்தத்தில் சுகரை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண், 30க்குப் பக்கத்தில் நிற்கிறது, தானியங்களில் மிகக் குறைந்தவற்றில் ஒன்று.

ஆகவே பார்லி என்பதற்காகக் கோப்பை நிறையப் போட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றை நிறுத்திவிட்டுத் திடீரென்று இதற்கு மாறும்போது முதல் சில நாள் மீற்றரில் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கிப்போகவும் கூடும். அப்புறம், மூன்று கரண்டி சீனி போட்ட பார்லித் தண்ணியைச் 'சுகருக்குக் குடிக்கிறேன்' என்று சொல்ல வேண்டாம். பக்கற்றில் வரும் லெமன் பார்லி பானங்களிலும் பெரும்பாலும் சீனிதான் முன்னால் நிற்கும், பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கொலஸ்ட்ரோல் குறையுமா?

இது வெறும் கைவைத்தியப் பேச்சு இல்லை. நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் கிடைக்கும்படி பார்லி சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரோல் குறைய உதவும் என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. அதை வைத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் பார்லிப் பக்கற்றுகளில் இருதய நலன் பற்றி எழுத இறுதி அனுமதி கொடுத்தது. பீட்டா குளுக்கன் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுக்கிறது.

3 கிராம் என்றால் உலர்ந்த பார்லி ஏறத்தாழ 60 முதல் 75 கிராம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதுமான அளவு. வடித்த தண்ணியால் அந்தக் கணக்குக்கு வர முடியாது. டொக்டர் தந்த குளிசையை இதை நம்பி நிறுத்தவும் கூடாது.

கோதுமை ஒத்துவராதவர்களுக்கு இது சரியா?

சரி இல்லை. இந்தப் பிழைதான் அதிகம் நடக்கிறது. 'அரிசி' என்று பெயர் இருப்பதால் கோதுமை இல்லை, ஆகவே குளூட்டன் என்கிற கோதுமைப் புரதமும் இல்லை என்று நினைக்கிறார்கள். கோதுமைக் குளூட்டனில் கிளையாடின் என்ற புரதம் எப்படியோ, பார்லியில் ஹோர்டீன் அப்படி. குளூட்டன் ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்களின் சிறுகுடலை இரண்டும் ஒரே மாதிரிப் பாதிக்கும். முழுப் பார்லி, முத்துப் பார்லி, அவல், மா, வடித்த தண்ணி, எதுவுமே கூடாது. தீட்டினாலும் அவித்தாலும் அது போகாது. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கும் பார்லி ஒத்துக்கொள்வதில்லை.

அவர்களுக்கு நான் காட்டுவது குரக்கன், தினை, சோளம், எங்கள் சிவப்பரிசி. குரக்கனில் கல்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். அந்த விஷயத்தில் பார்லி அதன் பக்கத்தில்கூட வராது.

நாங்கள் பார்லியே சாப்பிடுவதில்லையே, பிறகென்ன?

சாப்பிடுகிறீர்கள். காலையில் பிள்ளைக்குக் கரைக்கும் ஹோர்லிக்ஸ், மைலோ, நெஸ்டமோல்ட் மூன்றிலும் பார்லி மோல்ட் இருக்கிறது. பார்லியை நனைத்து முளைக்க விட்டு, முளை எட்டிப் பார்க்கும்போது சூடாக்கி உலர்த்தினால் அது மோல்ட். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாச்சத்தை இனிப்பாக மாற்றுகின்றன, அதுதான் அந்த மண்வாசனை கலந்த இனிப்பு. பாணில் பூசுகிற மார்மைட்டிலும் பார்லி உண்டு. சீலியாக் நோய் என்று சொன்ன பிள்ளைக்குப் பாணை நிறுத்திவிட்டு மோல்ட் பானத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய், கடையில் நின்றே ரின்னைத் திருப்பிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

சாப்பிட்டால் வயிறு ஊதுகிறதே?

ஒரே நாளில் அதிகம் போட்டிருப்பீர்கள். வெள்ளைச் சோறும் பாணும் தின்று பழகிய குடலுக்குத் திடீரென்று இவ்வளவு நார் போனால் காற்றுப் பிடிக்கும். முதல் கிழமை இரண்டு மேசைக்கரண்டி அவித்த பார்லியைச் சோற்றோடு கலந்து தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். எப்போதும் குடல் கோளாறு உள்ள சிலருக்கு இதிலுள்ள புரக்டான் என்கிற, குடலில் சரியாகச் செரிக்காத நார் எவ்வளவு பழகினாலும் ஒத்துவராது. அவர்கள் விட்டுவிடலாம்.

கைக்குழந்தைக்கு?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். முன்னைய காலத்தில் மாட்டுப்பாலில் பார்லித் தண்ணி கலந்து கொடுத்தார்கள் என்று ஆச்சிமார் சொல்வது உண்மை, ஆனால் அதை இப்போது செய்ய வேண்டாம். வயிறு நிறைந்ததுபோல இருக்கும், சத்து இருக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகு மசித்த கஞ்சியாகத் தொடங்கலாம்.

பிட்டு, ரொட்டி செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பார்லி மாவின் குணம் தெரிய வேண்டும். அது தண்ணீரை மளமளவென்று இழுக்கும், கொஞ்சம் கூடினால் களி. பிட்டுக்கு பார்லி மாவும் வறுத்த சிவப்பரிசி மாவும் பாதிக்குப் பாதி எடுத்து, தண்ணீரை ஊற்றாமல் விரலால் தெளித்துக் குழையுங்கள். உள்ளங்கையில் பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். தேங்காய்ப்பூ தாராளமாகப் போடுங்கள். தேங்காய் ரொட்டிக்குக் கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். தனி பார்லி மாவில் பாண் பொங்காது, அதன் குளூட்டனுக்கு அந்த வலு இல்லை.

சோறுபோல அவிப்பதற்கு ஒரு கோப்பை முத்துப் பார்லிக்கு மூன்று கோப்பை தண்ணீர். இரவே ஊறப்போட்டால் 25 நிமிடம், ஊறாவிட்டால் 40. மணி பூத்துவிடாது, நடுவில் ஒரு கடி இருக்கும், வேகவில்லை என்று நினைத்து மேலும் வைக்க வேண்டாம். ஆட்டெலும்பு சூப்பில் போட்டால் மா கரைக்காமலே குழம்பு தடிக்கும்.

தல்பீனா என்கிறார்களே, அது இதுவா?

ஆம். பார்லி மாவைப் பாலில் கரைத்துக் காய்ச்சித் தேன் விடுவது. துக்கத்தில் இருப்பவரின் மனதுக்கு ஆறுதல் என்று ஹதீஸில் வருகிறது. நோன்பு மாதத்தில் வாடிக்கையாளர்கள் அதற்காகவே மா கேட்டு வருவார்கள். மாவை முதலில் வெறும் சட்டியில் இலேசாக வறுத்தால் பச்சை வாசம் போகும்.

கொரியாவில் குடித்த பார்லித் தேநீர் இங்கே செய்யலாமா?

வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் போரிச்சா என்று கேட்பார்கள், ஜப்பானில் முகிச்சா. கடையில் தேட வேண்டியதில்லை. பார்லியைக் கோப்பிக்கொட்டைபோலக் கருஞ்சிவப்பாக வறுத்து, கொதிதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வடித்தால் சரி. கஃபேன் கிடையாது, இரவிலும் குடிக்கலாம். குளூட்டன் பயம் உள்ளவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும்.

ஏகாதசி விரதத்துக்கு ஆகுமா?

தானியம் விலக்குபவர்களுக்கு ஆகாது. பெயரில் என்ன இருந்தாலும் இதுவும் தானியம்.

எவ்வளவு நாள் வைக்கலாம்? வண்டு விழுகிறதே?

முத்துப் பார்லி இறுக மூடிய போத்தலில் ஆறேழு மாதம் கெடாது. முழுப் பார்லியிலும் மாவிலும் எண்ணெய்ப் பசை இருப்பதால் காறல் அடிக்கும், அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் ஈரக் காற்றுக்கு எல்லாம் சீக்கிரம் போகும். வாங்கிய பக்கற்றை மூன்று நாள் ஃபிரீசரில் போட்டெடுத்தால் உள்ளே இருக்கும் வண்டு முட்டை செத்துவிடும். சுளகில் கொட்டிப் பாருங்கள்: மணியில் ஊசித் துவாரமும் அடியில் மாத்தூசும் கண்டால் வண்டு குடிவந்துவிட்டது. எங்களிடம் வாங்கி ஒரு கிழமைக்குள் அப்படியிருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். பிட்டு அவித்துப் பார்த்துவிட்டு மிச்ச மாவைக் கொண்டுவந்தால் முடியாது.